மங்கில் இரண்டு தட்டு

பிள்ளைகளே, உளி பிடித்து நான்கு வருஷம் ஆன பிறகுதான் நான் ரப்பர் மரத்தைக் காயப்படுத்த ஆரம்பித்தேன். புதியவன் செய்கிற தப்பு அது. பட்டையைச் சீவும்போது உளி உள்ளே கட்டையில் பட்டுவிட்டால் அதற்குப் பெயர் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு வெட்ட முடியாது. அன்று எங்கள் வேலையை மேற்பார்க்கிற கோவிந்தசாமி மண்டோர், நான் வெட்டுகிற மர வரிசையான என் நிரையில் மரம் மரமாகத் தடவிக்கொண்டே வந்தார். பதினோராவது காயத்தில் நின்றுவிட்டார்.

"என்னடா மாரிமுத்து, பால் வெட்டுறியா, ஆடு வெட்டுறியா?"

நான் உளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"அடுத்த மாசமும் வந்து பாப்பேன். இப்படியே இருந்துச்சுன்னா உளியக் குடுத்துட்டு மருந்தடிக்கப் போயிடு. தொரைக்கு என்னால பதில் சொல்ல முடியாதுலா."

புல்லுக்கு மருந்தடிக்கிற கூட்டம் தினம் ஒரு மலையில் நிற்கும். பக்கத்து நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த உங்கள் அம்மா அஞ்சலையை விட்டுப் போக வேண்டும். எங்களுக்குக் கலியாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். மலாயாவில் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காலையில் கேட்டில் சோதனை. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். எங்கோ ஒரு தோட்டத்தில் மண்டோரைச் சுட்டுவிட்டார்கள் என்று வாரம் ஒரு பேச்சு வரும். என் நிரையின் கடைசி மரத்துக்குப் பின்னால் காடு. அங்கே போனதும் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். கழுத்தைத் திருப்ப முடியாது.

டிரசர் சொன்னது

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துக்குத் தைலம் கேட்டுப் போனேன்.

"தைலம் கிடக்கட்டும். கையை இறுக்கிப் பொத்தும். இன்னும் இறுக்கும். இப்ப சட்டெண்டு விடும். வித்தியாசம் தெரியுதோ?"

"விட்டப்புறந்தாங்க தெரியுது, இவ்வளவு நாளா இறுக்கிப் புடிச்சிருக்கேன்னு."

"அதுதான் உம்முடைய வருத்தம்." அவர் ஊரில் நோய்க்கு வருத்தம் என்றுதான் பெயர்.

தோளையும் அப்படியே ஏற்றி இறக்கச் சொன்னார். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்றார். அவருடைய நாற்காலியில் எல்லாம் நன்றாக வந்தது. நிரையில் வரவில்லை. தோள் ஏறுவது தெரிந்தால்தானே இறக்க முடியும்?

வீட்டில் சொன்னேன். உங்கள் அம்மா சிரித்தாள்.

"ஒங்களுக்குத் தெரியலையா? எனக்கு அங்கேருந்தே கேக்குதே! மனசு நல்லா இருந்தா உளி சர்ருன்னு ஓடுது. பயந்தா கரக்கு கரக்குன்னு இழுக்குது."

மறுநாளிலிருந்து என் உளி கரகரத்தால் அவள் தன் உளியின் முதுகால் மங்கைத் தட்டுவாள். மரத்தில் பால் வடிகிற கிண்ணம்தான் மங்கு. டிங், டிங். நான் நின்றுவிடுவேன். கையை இறுக்கி விட்டு, தோளை இறக்கி, நீளமாக மூச்சு விட்டுப் பிறகு வெட்டுவேன். சீவல் மெல்லிசாகச் சுருண்டு விழும். முதல் நாள் தட்டித் தட்டியே அவளுக்குக் கை வலித்தது. மூன்றாம் வாரம் காலைக்கு நாலைந்து தட்டுதான்.

ஆபீஸில்

ரோந்து வந்த சிப்பாய்களின் காதிலும் அது விழுந்தது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சைகை கொடுக்கிறோம் என்று இருவரையும் ஆபீஸுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் காட்டோரம் நின்று தட்டினால் யார் என்ன நினைப்பார்கள் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. துரை கேட்டதை ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி தமிழில் கேட்டார்.

"ரெண்டு ரெண்டா தட்டுறியே, யாருக்கும்மா?"

"இவரு தோளுக்குங்க."

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "இத நான் எப்படிம்மா இங்கிலீஷ்ல சொல்றது?"

"தொரைய ஒரு மரம் வெட்டச் சொல்லுங்கய்யா. அவருக்கும் தட்டிக் காட்டுறேன்."

கிராணி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை என்று நினைக்கிறேன். டிரசர் வந்து சாட்சி சொன்னதால் போலீசுக்கு அனுப்பாமல் விட்டார்கள். ஆனால் மறுநாளே உங்கள் அம்மாவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள்.

மண்டோர் வருவதற்கு இன்னும் எட்டு நாள். காட்டோரம் போனதும் கை கல்லானது. தட்டுக்காக நின்றேன். வரவில்லை. அவள் இருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று நானே காது கொடுத்தேன். அதுவரை நான் காட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் உளியைக் கேட்டதே இல்லை. கரக்கென்றது. நின்றேன். கை, தோள், மூச்சு. மறுபடி வெட்டினேன்.

மண்டோர் கடைசி மரம்வரை தடவிப் பார்த்தார். "என்னடா, காயத்தக் காணோம்? சரி, உளிய நீயே வச்சுக்க" என்றார். உளி என்னிடமே இருந்தது. பக்கத்து நிரையில் வேறு யாரோ வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வட்டாரத்தை, காட்டில் இனி ஆபத்தில்லாத வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, கட்டுப்பாடு தளர்ந்த பிறகுதான் அவள் பழைய நிரைக்குத் திரும்பினாள். இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த முதல் காலை என் உளி சர்ரென்று ஓடியது. ஒரு தட்டும் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. மரத்துக்குக் காயம் படாமல் வேண்டுமென்றே ஒரு இழுப்பு, கரக்.

டிங், டிங்.

"பொய் இழுப்புதானே அது? எனக்குத் தெரியாதா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

பிள்ளைகளே, பயப்படாதே என்று சொன்னால் உடம்பு கேட்காது. அது எங்கே இறுகுகிறது என்று முதலில் நீங்கள் கேளுங்கள். அந்த இடத்தை இன்னும் இறுக்கி, பிறகு விடுங்கள். மூச்சை நீளமாக விடுங்கள். பயம் இல்லாத நாளிலேயே பழகி வையுங்கள்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. என் தோள் ஏறுவது இப்போது எனக்கே தெரியும், இறக்கவும் தெரியும். ஆனாலும் காலையில் சவரம் செய்யும்போது, சில நாள், கத்தியைக் கொஞ்சம் கரக்கென்று இழுத்துவிட்டு நின்று காது கொடுக்கிறேன்.