வெள்ளரிக்காய் நறுக்கும் சத்தம்

கீழக்குயில்குடிப் பக்கம் உள்ள ஒரு சிறு பள்ளியில் சேர்த்தபோது என் மகளுக்கு நான்கு வயது. அங்கே என்ன வேலை செய்வதென்று பிள்ளைகளே தேர்ந்துகொள்வார்கள்: பயறு பொறுக்குவது, தண்ணீர் ஊற்றுவது, காய் நறுக்குவது. கத்தி நிஜக் கத்திதான், நுனி மட்டும் மழுங்கியது. அன்றன்று அவள் செய்ததைக் கேட்டு, தேதி போட்டு நோட்டில் எழுதி வந்தேன். ஜூன் முழுக்க ஏதாவது இருக்கும். "மூன்று டம்ளர் ஊற்றினாள். ஒன்று சிந்தியது. அவளே துடைத்தாள்."

ஆடி இரண்டாம் செவ்வாய் மாலை, வீட்டில் அவளாகவே கத்தியை எடுத்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏழெட்டுத் துண்டுகள் ஒழுங்காக விழுந்திருந்தன. பின்னால் வந்த நான் அலறிவிட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினாள், கத்தி விரலில் இறங்கிவிட்டது. இரண்டு தையல்.

"அவ ஒழுங்காத்தான நறுக்குனா. நீங்க போட்ட சத்தத்துலதான் கை தவறுச்சு" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு நோட்டில் ஒரே வரி: "சும்மா உட்கார்ந்திருந்தாள்." தையல் பிரித்த பின்னும் அதே வரி. வீட்டில் தண்ணீர் டம்ளரைத் தொடுமுன்கூட என் முகத்தைப் பார்ப்பாள். குழந்தைகள் கையால்தான் கற்கிறார்கள் என்று படித்த இடத்திலெல்லாம் அடிக்கோடு போட்டவன் நான். அந்தக் கையை நானே முடக்கிவிட்டேனோ?

பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடும் ஆசிரியையிடம் போய், நீங்களே அவள் கையில் கத்தியைக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். மறுத்துவிட்டார். அவளே எடுக்கவேண்டுமாம். வேண்டுமானால் ஒருநாள் நான் வந்து மூலையில் உட்காரலாம். வாயைத் திறக்கக் கூடாது.

அடுத்த வியாழக்கிழமை போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் அவள் அசையவில்லை. பிறகு எழுந்து அலமாரி வரை போனாள். கத்தியைத் தொட்டாள். எனக்குத் தொண்டை வரை சத்தம் வந்துவிட்டது. அதற்குள் அவள் கத்தியை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீங்க வெளிய போங்க."

"போங்க சார், எங்க செருப்புக்கெல்லாம் காவல் இருங்க" என்றார் அக்கா.

குட்டிச் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு, டக். இடைவெளி. டக். ஒவ்வோர் இடைவெளியிலும் ரத்தம் வழியும் விரல் கண்முன் வந்தது. ஒருமுறை சத்தம் நின்றே போனது. நிலைக்கதவை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே தட்டு நகர்ந்தது. மறுபடி, டக்.

அன்றைய நோட்டில் இப்படி இருக்கிறது: "வியாழன். வெள்ளரிக்காய். பத்து வெட்டு, காதால் எண்ணியது. நான் வெளியே."