துறையடிப் பலகையில் இல்லாத ஓர் ஆள்

பெற்றோல் ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைப் பற்றரியில் ஓடவைத்தவன் நான். குறிகட்டுவான் துறையடியில் தேநீர்க்கடைக் கூரையில் சோலார் தகடு ஏற்றி, கீழே மின்னேற்றும் பெட்டி பூட்டி, வெயிலில் வண்டிக்கு மின்னேற்றியவனும் நான்தான். என்னைப் பார்த்து இன்னும் ஆறு பேர் மாற்றினார்கள். அந்த ஆறுக்கும் வயர் இழுத்தது இந்தக் கைதான். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஊரே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் என் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் அதிகாரிகளுக்குப் புகையில்லாப் போக்குவரத்து ஞாபகம் வந்தது. தீவுப்பகுதி ஓட்டோக்களை மின்சாரத்துக்கு மாற்றுவதாம். வேலணையில் கூட்டம் வைத்தார்கள். பட்டணத்துப் பொறியியலாளர் சுவரில் படம் காட்டினார். அந்தப் படத்தில் மின்னேற்றும் கொட்டகை வேலணை அரசாங்கக் கந்தோர் வாசலில் இருந்தது. நான் எழும்பினேன்.

"தம்பி, எங்கட வண்டியள் இங்க நிக்கிறேல்லை. படகு வருமட்டும் துறையடியிலதான் சும்மா நிக்கிறது. அந்த நேரத்திலதான் ஏத்தவேணும். கொட்டகையை அங்க போடும்."

"அங்க உப்புக்காத்து, ஐயா. பெட்டியெல்லாம் கறள் பிடிச்சுப்போம். நீங்கள் எதுவரைக்கும் படிச்சனீங்கள்?"

நாலு பேர் சிரித்தார்கள்.

"சோளகக் காத்து எந்தப் பக்கத்தால அடிக்குமெண்டு தெரியிற அளவுக்குப் படிச்சனான். வந்து என்ர பெட்டியைத் திறந்து பாரும்."

வந்தார், திறந்தார். உள்ளே ஒரு பொட்டுக் கறள் இல்லை. முதல் பெட்டியைக் கடலைப் பார்க்கப் பூட்டி ஒரே சோளகத்தில் நாசமாக்கியவனும் நான்தான், அதை மறைக்கமாட்டேன். இரண்டாவதைக் கரைப்பக்கம் திருப்பி, முதுகுக்குக் கல்லுச்சுவர் வைத்தேன். பொறியியலாளர் சுவரை அளந்துகொண்டு போனார்.

இன்று கொட்டகை துறையடியில் நிற்கிறது. பெட்டி கரையைப் பார்க்கிறது, பின்னால் கல்லுச்சுவர். முன்னால் பெரிய பலகை. கந்தோர்களின் பெயர், அதிகாரிகளின் பெயர், பொறியியலாளரின் பெயர். அடியில் சின்ன எழுத்தில், 'உள்ளூர் மக்களின் ஒத்துழைப்புடன்'.

பக்கத்து ஓட்டோக்காரன் வாசித்துவிட்டுச் சிரித்தான். "அண்ணை, உள்ளூர் மக்கள் எண்டு போட்டிருக்கு. அது நீங்கள்தான்!"

"நான் ஒரு ஆளடா. மக்கள் எல்லாரும் சேர்ந்தே சுவர் கட்டினவை?"

அன்றிலிருந்து என் வண்டியை அந்தப் பலகைக்கு முன்னால் ஒட்டி நிறுத்துகிறேன். யாரும் அதை வாசிக்க ஏலாது. அதிகாரி வந்து எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. அவருக்கு நான் சொன்னது இதுதான்: கொட்டகையின் இடத்தையும் திசையையும் சொன்னவன் நான் என்று என் பெயரோடு அதில் எழுதுங்கள், சின்ன எழுத்தில் இல்லை, பொறியியலாளரின் பெயர் இருக்கும் அளவில். எழுதிய அன்றைக்கு வண்டியை எடுக்கிறேன்.