வீட்டில் யாரும் இல்லை

எந்த ஆண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ரமலான் நோன்பு மாசியில் வந்தது. பொதுத்தேர்தலுக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. ஆகவே 1961. நான் மூன்றாம் வகுப்பு. அந்தப் பங்குனியில், திண்டுக்கல் பேகம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நாங்கள் குடியிருக்கவில்லை என்று கோர்ட்டில் ஒரு மனு இருந்தது.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவருக்குத் தோல் வியாபாரம். ஆம்பூர், மதராஸ் என்று போனால் திரும்ப வாரக்கணக்காகும். வீட்டில் அம்மாவும் நானும் தொட்டிலில் தம்பியும். எங்கள் வீட்டுக்கு வேறொருவர் கூடுதல் வாடகை பேசியிருந்தார். ஆனால் நினைத்தபோது காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வாடகையை வாங்க மறுத்துப் பார்த்தார். அத்தா மணியார்டரில் அனுப்பினார். குடித்தனக்காரர் நான்கு மாதம் வீட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் வெளியேற்றலாம் என்ற விதி அதன் பிறகுதான் யார் மூலமோ அவர் காதுக்கு எட்டியது.

வீட்டில் ஆண்கள் இல்லாதபோது அந்நியர் வந்து தட்டினால் எங்கள் தெருப் பெண்கள் கதவைத் திறப்பதில்லை. உள்ளிருந்தே குரலைத் தாழ்த்தி, “வீட்டுல யாரும் இல்ல” என்பார்கள். ஆண்கள் இல்லை, பிறகு வாருங்கள் என்று பொருள். தபால்காரருக்கு அது தெரியும். கோர்ட் நோட்டீசைக் கொண்டுவரும் அமீனாவுக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் வீட்டுக்காரர் அவரை மூன்று முறை அழைத்துவந்தார். மூன்று முறையும் தெருவில் காக்கைகூட இல்லாத உச்சிவேளையில். மூன்று முறையும் அமீனா எழுதிக்கொண்டது ஒரே வரி: வீட்டில் யாரும் இல்லை. மூன்றாம் முறை நோட்டீசைக் கதவில் ஒட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த நான், மரத்தின் மேல் ஈரக்கை பசை தடவும் சத்தத்தைக் கதவின் இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

அதன் பிறகு தண்ணீர் கொண்டுவரும் அம்மாள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். பேச்சு பள்ளிக்கூடம் வரை வந்தது.

“உங்க வீடு காலி வீடாம்ல. உள்ள ஒரு குரலு மட்டும் பேசுதாம்” என்றாள் என் பக்கத்தில் உட்காருகிறவள்.

“நாங்கதான் இருக்கோம்.”

“இருக்கோம்னு நீங்களாத்தான சொல்லிக்கிறீக?”

அன்று மதியம் வீட்டுக்கு நடக்கும்போது குனிந்து பார்த்தேன். காலடியில் நிழல் ஒரு சாண்கூட இல்லை. ஓடிப்போய், “அம்மா, நம்ம இருக்கமா?” என்று கேட்டேன்.

“இல்லாமத்தான் நேத்து அம்புட்டுச் சோறு தின்னியா? வெஞ்சனத்தத் தொட்டுத் தின்னு.”

அது எனக்குப் போதுமான சாட்சியாகப் படவில்லை.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வக்கீல் வைத்து வாதாடினார். நேரில் பார்த்து எழுதித்தரக் கோர்ட்டே ஒரு கமிஷனரை அனுப்புவது என்று முடிவாயிற்று. ஆள் இருக்கிறது என்று அவர் எழுதினால் வீடு எங்களுக்கு. இல்லை என்று எழுதினால் தெரு. தான் உடன் இருப்பதாக மாமா சொல்லியிருந்தார். ஆனால் மாமா வருவதற்கு முன்பே கமிஷனர் வந்துவிட்டார். நான் சாப்பாட்டுக்கு வந்தபோது குடையும் காகிதக் கட்டுமாக அவர் வாசலில் நிற்க, வீட்டுக்காரர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பழக்கம் முந்திக்கொண்டது. உள்ளிருந்து அந்தத் தாழ்ந்த குரல் வந்தது. “வீட்டுல யாரும் இல்ல.”

“கேட்டீங்களா சார்? அவங்களே சொல்றாங்க!” வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கமிஷனர் என் பக்கம் திரும்பினார். “பாப்பா, இந்த வீட்டுல யாரு இருக்கா?”

வீட்டில் கற்றதும் பள்ளியில் கேட்டதும் ஒரே விடையைத்தான் தந்தன. “யாரும் இல்ல” என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. தம்பியின் தொட்டில் கிறீச்சிடுவதுகூட நின்றுவிட்டது. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நான் இருக்கேன். எழுதிக்கங்க.”

“யாரும்மா அது? பேரு?”

குரல் ஒரு பெயரைச் சொன்னது. “பதினோரு வருசமா இந்த வீட்டுலதான் இருக்கேன். வெளிய நிக்கிறவளும் தொட்டில்ல கெடக்கிறவனும் இங்கனதான் பொறந்தாக.”

“உள்ள நின்னு யாரு வேணா பேசலாம் சார்” என்றார் வீட்டுக்காரர்.

“யாரு வேணா பேசட்டும். பேசுறவுக உள்ளதான இருக்காக?”

கமிஷனர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் எழுதினார். அந்தக் காகிதத்தால் வீடு எங்களிடமே நின்றது.

நான்தான் அன்று வெகுநேரம் உள்ளே போகவில்லை. அம்மாவை அத்தா “புள்ள” என்பார், மாமா “தங்கச்சி” என்பார், தெருவில் என் பெயரைச் சொல்லி, அவளோட அம்மா என்பார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து வந்த பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. அந்தக் குரலையும் கேட்டதில்லை. அது என்னை அதட்டும் குரலும் அல்ல, அந்நியருக்கான தாழ்ந்த குரலும் அல்ல. வெயிலில் கதவைப் பார்த்தபடி நின்றேன். அப்படியானால் எங்கள் வீட்டுக்குள் உண்மையிலேயே யாரோ இருக்கிறார்கள், பதினோரு வருடமாக, எங்களில் யாருக்கும் தெரியாமல் என்று நினைத்துக்கொண்டேன்.