வராந்தாவில் அடித்த போன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டிசம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ராயபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம் இரண்டாம் ஆண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்தேழு. கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பு அது. மகள் ஏழாம் வகுப்புக்குப் போன பிறகு தொலைநிலைக் கல்வியில் மறுபடி சேர்ந்திருந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிடுவார்கள்.

என் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுநர். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசையாக நிற்கும்; சில நாள் பத்து மணி நேரம்கூட ஆகும். பக்கத்து வண்டிக்காரர்களிடம், "எங்க வூட்ல காலேஜ் படிக்கிது" என்று சொல்லிக்கொள்வார். நான் படிப்பதில் என்னைவிட அவருக்குத்தான் பெருமை.

அன்றைய தாள் புள்ளியியல். முந்தைய முறை நான் தவறிய பாடம். திருவொற்றியூரிலிருந்து வந்த பஸ் தாமதமாகிவிட, ஓடிவந்து பையை வராந்தாவில் மற்ற பைகளோடு போட்டுவிட்டு உள்ளே போனேன். போனை அணைக்க மறந்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அது அடித்தது. ஸ்பீக்கர் கிழிந்து கரகரக்கும் போன் என்பதால், முதல் ஒலியிலேயே என்னுடையது என்று தெரிந்தது.

பின்வரிசையில் ஒருவன், "யாருதுடா அது, தொண்ட கட்ன போனு?" என்றான். அறை சிரித்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த ஆசிரியைக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். "யாரோட போன்? எடுக்கணும்னா பேப்பரைக் குடுத்துட்டுப் போங்க. திரும்ப உள்ளே விடமாட்டேன்" என்றார்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. மகளின் பள்ளியாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. ஏதாவது விளம்பர அழைப்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது முறை அடித்தபோது ஆசிரியை வரிசை வரிசையாகப் பார்த்தார். என்மேல் அவர் கண் நிற்கவே இல்லை. கேலி செய்தவனைப் பார்த்து, "உன்னோடதா?" என்றார். "சத்தியமா என்னுது இல்ல மேடம்." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மொத்தம் நான்கு முறை அடித்தது. நின்றபோது நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதிவிட்டு ஒரு மணிக்கு வெளியே வந்தேன்.

நான்கு அழைப்புகளும் கணவரின் எண்ணிலிருந்து வந்திருந்தன. திரும்பக் கூப்பிட்டேன். வேறு ஒருவர் எடுத்தார். "யம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கு வா. பேஜாராவாத, உயிரோட கீறாரு."

அறுவைச் சிகிச்சை அறை வாசலில் இருந்த நர்ஸ், "அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டாரே, நீங்க யாரு?" என்று கேட்டார். என் கணவருக்கு அண்ணன் கிடையாது. சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் காய்ந்த ரத்தம்.

"நாந்தாம்மா அது. அண்ணன்னு போட்டேன்."

நான் கைகூப்பினேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கும்புடாதம்மா. என் வண்டிதான் இட்ச்சிது."

வரிசையில் நின்றபோது, கன்டெய்னர் பூட்டைச் சரிபார்க்க என் கணவர் பின்பக்கம் இறங்கியிருக்கிறார். பின்னால் நின்ற இவருடைய லாரி உருண்டு வந்து, இரண்டு வண்டிகளுக்கும் நடுவே அவருடைய இடது காலை நசுக்கிவிட்டது. "பிரேக் புடிக்கல. எல்லாரும் ஓடிடுன்னானுங்க. எங்கம்மா ஓடறது? என்னையே பாத்துகினு கீறாரு."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார். "உனக்கு நாலு வாட்டி அட்ச்சோம். அப்பறம் அவரே வேணாம்னாரு. அது பரீட்ச எழுதிகினு கீது நைனா, எடுக்காது, நீயே அண்ணன்னு போட்டுடுன்னாரு."

அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரிக்கத் தொடங்கியபோது, யாரும் காட்டிக்கொடுக்காமல் அவராகவே எழுந்து, "நாந்தான் சார்" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். நான் முன்னாலேயே வந்திருந்தாலும் அந்தக் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கும்வரை என் கணவருக்கு நினைவு இருந்ததாக நர்ஸ் சொன்னார். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் நின்றிருந்தது, அவரை இடித்தவர்.

புள்ளியியலில் தேறிவிட்டேன். பட்டமும் வாங்கினேன். இப்போது மணலி புதுநகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு என் சம்பளத்தில் நடக்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் என் கணவர் இன்றும் சொல்கிறார்: "பரீட்ச நடக்கிற எட்த்துல போன வெளிய வெச்சிட சொல்வாங்க. அதுக்கு எப்பிடித் தெரியும், பாவம்?" நான் உள்ளே போய்விடுவேன்.

போன் அடித்தது கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை என்பதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால், "பரவால்ல வுடு" என்றுதான் சொல்வார், அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.