ரொட்டிக் காவலனும் ரொட்டி தின்னியும்

செத்துப்போன ஆங்கிலச் சொற்களுக்குக் கருமாதி செய்வதுதான் என் பிழைப்பு. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில மொழி வரலாறு நடத்துகிறேன். பிள்ளைகள் கொட்டாவி விடுகிற பாடம். எனக்கு அதில் அலாதிப் பிரியம்.

'லார்டு' என்றதும் நமக்குப் பட்டும் கிரீடமும் கண்ணில் தெரியும். ஆயிரம் வருடங்களுக்கு முன்பு அது 'ஹ்லாஃப்வெயர்ட்'. ரொட்டிக்குக் காவல் இருப்பவன் என்று பொருள். 'லேடி' அந்த வீட்டில் மாவு பிசைகிறவள். வேலையாளுக்கும் ஒரு சொல் இருந்தது, 'ஹ்லாஃப்ஏட்டா'. ரொட்டி தின்னி. லார்டும் லேடியும் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார்கள். தின்னியைத்தான் காணோம்.

அம்மா வலங்கைமான் பக்கம் ஒரு பண்ணையில் நடவும் அறுப்புமாக முதுகு வளைந்தவள். வேலை முடிந்ததும் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறம் போய்த் தூக்குவாளியை நீட்டுவாள். கை படாமல் மேலேயிருந்து சோறு விழும். அந்தச் சோற்றில் வளர்ந்தவன் நான். 'ரொட்டி தின்னி' என்று முதன்முதலில் கரும்பலகையில் எழுதியபோது எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தினாள்.

"காவலா? யாருகிட்டேருந்து காத்தாங்களாம்?"

கேட்டுவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.

போன தை மாதம் அந்தப் பண்ணை வீட்டு மகன் போன் செய்தார். என் வயதுதான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கும்பகோணத்தில் இருக்கிறார். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவதாகச் சொன்னார். அந்த வீட்டிலிருந்து ஒருவரும் அதுவரை எங்கள் வாசற்படி ஏறியதில்லை.

"கை நனைப்பாரா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் நம் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்தால், அவரும் நாமும் ஒன்று என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நனைக்காமல் எழுந்துவிட்டால், எவ்வளவுதான் சிரித்துப் பேசினாலும் தூக்குவாளிக் காலம் இன்னும் முடியவில்லை. நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவன், இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உள்ளுக்குள் அம்மாவைவிட எனக்குத்தான் படபடப்பு.

ஞாயிறு காலை மீன் வாங்கக் கிளம்பினேன். அம்மா தடுத்துவிட்டாள். "சைவமாவே ஆக்குவோம். இன்னைக்கு கவிச்சி ஆவாதுன்னு சாக்குச் சொல்ல இடம் குடுக்கக் கூடாது."

"கூல்டிரிங்காவது வாங்கி வைக்கட்டுமா?"

"வேணாம். பாட்டில் இருந்தா அதைக் குடிச்சிட்டு எழுந்துடுவாரு."

அவர் வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை முறையாக வைத்து நீட்டினார். பழைய கதைகள் பேசினார். சமையலறையிலிருந்து முருங்கைக்காய் சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும், நாங்கள் பயந்த அதே வாக்கியம் வந்தது.

"அடடா, இப்பத்தான் வழியில சாப்பிட்டேன். வயிறு ஃபுல்லா இருக்கு. நீங்க எல்லாரும் கல்யாணத்துக்கு வந்து, இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

எனக்குக் காது சுட்டது. அம்மா முகத்தில் எதுவும் மாறவில்லை. அவர் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த வயதிலேயே அவரைச் 'சின்னய்யா' என்று கூப்பிட்டவள் அவள்.

"கட்டாயம் வர்றோம் தம்பி," என்றாள். "பொண்ணை மனசார வாழ்த்துறோம். சாப்பாட்டுக்கு மட்டும் எங்களை எதிர்பார்க்காதீங்க. நாங்களும் வழியிலயே சாப்பிட்டுட்டு வந்துடுவோம்."

குரலில் கோபமே இல்லை. ஆனால் மகள் கல்யாணத்தில் கை நனைக்க மாட்டோம் என்று ஒருவர் சொன்னால் எந்தத் தகப்பனுக்கும் அது நெஞ்சில் தைக்கும். அவர் பத்திரிகையை ஒருமுறை நேராக்கி வைத்தார். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கிளம்புகிறார் என்றுதான் நினைத்தேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கை கழுவ எங்கங்க?"

நான்தான் ஓடிப்போய்க் குழாயைக் காட்டினேன். சாப்பாட்டு மேசையில் இலை போட்டேன். அம்மா பரிமாற நிற்கவில்லை. அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் ஒரு இலை போடுப்பா" என்றாள். நான் பரிமாறினேன். அவர் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை நான் சாம்பார் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. வைத்ததும் எனக்குப் பொங்கி வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. ஒரு மனிதர் சோறு தின்றதற்கா இத்தனை பூரிப்பு? ஆனால் பூரித்ததென்னவோ உண்மை.

"சாம்பார் நல்லா இருக்குங்க," என்றார் அவர், இலையைவிட்டு நிமிராமல்.

அம்மா சோற்றுப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லா போட்டுக்குங்க தம்பி. இங்க யாரும் காவலுக்கு நிக்கல."