கோழிச் சாவுக்குப் போன மாப்பிள்ளை

எங்கள் உறவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மாலையோடு முதலில் போய் நிற்கிற ஆள் நான்தான். கல்யாணத்துக்கு லேட்டாகப் போவேன், சாவுக்கு மாட்டேன். இந்த நல்ல பழக்கம் போன வருஷம் என் மனைவியின் கோழிகளை மொத்தமாகக் கொன்றிருக்கும். அப்படி நடக்காததற்கு நான் இரண்டு பேருக்கு நன்றி சொல்லவேண்டும். இரண்டு பேரும் என்னை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தவர்கள்.

என் மனைவி சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவள். கால் நரம்பெல்லாம் சுருண்டுபோனது. வேலையை விட்டுவிட்டு, கிள்ளை ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தாள். அதுதான் முதல் பேட்ச். அது போனால் மறுபடி ஜவுளிக்கடைதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கடலூரில் ஓர் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவன். கொட்டகையில் என் பதவி மூட்டை தூக்குவது.

அவள் தம்பி குடிகாட்டுப் பக்கம் கோழி வளர்க்கிறான். ஒரு நாள் ஆபீசில் இருந்தபோது மனைவி போன் செய்தாள். தம்பி கோழிகளுக்குச் சளி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகின்றன, சாகவும் ஆரம்பித்துவிட்டன என்றாள். அவள் சொன்னது வெறும் தகவல். என் காதுக்கு அது அழைப்பாகத்தான் கேட்டது. சாயங்காலம் பைக்கை நேரே குடிகாட்டுக்கு விட்டேன்.

மச்சான் படலுக்கு உள்ளே நின்று கையை நீட்டினான்.

"மாமா, அங்கயே நில்லுங்க. உள்ள வராதீங்க."

துக்கத்தில் இருப்பவன் அப்படித்தான் பேசுவான் என்று நானே படலைத் திறந்துகொண்டு போனேன்.

"சொன்னா கேளுங்க மாமா. இது தொத்திக்கும்."

"எனக்கு என்னாடா ஆவப் போவுது மச்சான்? நான் என்னா கோழியா?"

அவனைக் கட்டிப்பிடித்தேன். கொட்டகைக்குள் ஒரு சுற்று வந்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பெட்டையைத் தூக்கி மடியில் வைத்து, என் கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு, அதைப் பத்திரமாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். மாமனார் வீட்டுக் கோழிக்கு மூக்கு துடைத்த மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்கமாட்டான். நான் கிளம்பும்போது, செத்ததைப் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்த மச்சான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு யாருக்கோ போன் செய்தான். என் பெரிய மனசைப் பற்றி அக்காவிடம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் கேட் பூட்டியிருந்தது. உள்ளே மனைவி.

"அங்கயே நில்லுங்க."

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வசனம்.

"தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டான். அந்தக் கர்ச்சீப்ப எடுத்துக் கீழ போடுங்க. சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தா குளிக்காம உள்ள வருவீங்களா?"

"அது மனுச சாவுடி. கோழிக்கெல்லாமா தீட்டு?"

"தீட்டுன்னா ஒரு சொம்பு தண்ணில போயிடும். இது அப்டிப் போவாது."

நான் நம்பவில்லை என்று கால்நடை டாக்டருக்கே போன் போட்டு, கம்பி வழியாக என் பக்கம் ஸ்பீக்கரை நீட்டினாள். அவர் பொறுமையாகச் சொன்னார். நோய்க் கோழி தும்மினால் பக்கத்துக் கோழிக்குப் போகும். மூக்குச் சளியிலும் எச்சத்திலும் ஒரே தண்ணீர்த் தட்டிலும் கொட்டகை முழுக்கப் பரவும். ஆனால் ஒரு கொட்டகையிலிருந்து தூரத்துக் கொட்டகைக்குப் பெரும்பாலும் மனிதன்தான் கொண்டுபோவான், செருப்பில், சட்டையில், டயரில், முட்டை அட்டையில். வைரசுக்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை, லைசென்சும் இல்லை. குடிகாட்டிலிருந்து வர அதற்கு ஒரு டிரைவர் வேண்டும். நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கூட்டி வந்திருக்கிறேன்.

எதிர் வயல் போர்செட்டில், கிள்ளை பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, சோப்புப் போட்டுக் குளித்தேன். வண்டிக்கும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் குளியல். கேட்டுக்கு மேலாக ஒரு பையில் துணி வந்தது.

"வீட்லயே ஒரு ஓரமா இருந்துக்கறேனே."

"உங்கள நம்ப மாட்டேன். ஒரு கோழி தும்முனா ஓடிப்போய் மூக்கத் தொடைப்பீங்க."

கடலூரில் ஆபீஸ் நண்பர் ஒருவரின் மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னைத் துரத்தியும் அவள் பயம் போகவில்லை. தீவன வண்டி முந்தின நாள் தம்பி வீட்டில் மூட்டை இறக்கிவிட்டுத்தான் இங்கே வந்திருந்தது. தடுப்பு மருந்து போட்டிருந்தாள். ஆனால் தம்பியும்தான் போட்டிருந்தான்.

கோழிக்குச் சளி வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கொட்டகை அடங்குகிற நேரத்தில் உள்ளே நின்று ஒரு விசில் அடித்தால் எல்லாக் கோழியும் திடுக்கிட்டு ஒரு நொடி வாயை மூடும். அந்த நொடியில் நோய்க் கோழியின் தொண்டை மட்டும் 'கர்ர்' என்று காட்டிக்கொடுத்துவிடும். என் மனைவிக்கு விசில் வராது. உதட்டைக் குவித்தால் வெறும் காற்றுதான். ஆகவே தினமும் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொட்டகையில் உயர்த்திப் பிடிப்பாள், நான் கடலூர் மாடியிலிருந்து விசில் அடிப்பேன்.

"இன்னா சார், தெனம் இந்நேரத்துக்கு யாருக்கு விசிலு?" என்றார் நண்பர்.

"என் சம்சாரத்துக்கு."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஒரு நாள் விசிலுக்குப் பின் 'கர்ர்' என்று தெளிவாகக் கேட்டது. அவள் போனோடு ஒவ்வொரு மூலையாகப் போனாள். மறுபடி 'கர்ர்'.

"என்னாங்க," என்றாள் மெதுவாக, "உங்களுக்குச் சளி புடிச்சிருக்கா?"

போர்செட்டுக் குளியல் தன் வேலையைக் காட்டியிருந்தது.

மச்சானுக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் மெல்லத் தேறின. குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவனுக்கு அக்கா கோழி ஞாபகம் வந்ததை நான் மறக்கமாட்டேன். அவனிடம் சொல்லப் போனால், "வுடுங்க மாமா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறான்.

பத்து நாள் போல ஆகியிருக்கும். அன்று மூக்கை நன்றாகச் சிந்திவிட்டு, விசில் அடித்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டேன். கொட்டகை அமைதியாக இருந்தது. அடங்குகிற கோழிகளின் சின்னச் சின்ன முனகலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவள் வெகுநேரம் போனை இறக்கவே இல்லை.

"கடையிலேருந்து ஆள் அனுப்பியிருந்தாங்க, திரும்ப வர்றியான்னு," என்றாள். "வரலன்னுட்டேன். நீங்க நாளைக்கு வந்துடுங்க, மூட்டை தூக்க ஆளில்ல."