பாண்டியின் சுவாஹிலி

சூலக்கரையில், கலெக்டர் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது என் மனைவி கூப்பிட்டாள். "பாண்டியண்ணன் போயிட்டாகளாம். காலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காக. ஆஸ்பத்திரி போய்ச் சேரல" என்றாள். வந்த வேலையை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். சிவகாசி வந்து சேரும்வரை என் மனதில் ஓடியது, வெளியே சொன்னால் நன்றாக இருக்காது, இதிலும் எனக்கு முந்திக்கொண்டானே என்பதுதான்.

சௌந்தரபாண்டியனைத் தெரிந்த உங்களுக்கு இந்தச் சீனியையும் தெரியும். ஒரே அச்சகம், ஒரே பதவி, பக்கத்துப் பக்கத்து மேசை. வெளிநாட்டு ஆர்டர் பிடிப்பதுதான் எங்கள் வேலை. இந்த அஞ்சலியில் அவனை 'அவர்' என்று எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. அவன்மேல் எனக்கு இருந்த பொறாமை ஊரறிந்தது. அதை மறைத்து எழுதினால் படிக்கிற நீங்களே சிரிப்பீர்கள்.

தான்சானியாவுக்கு எங்கள் அச்சகம் பள்ளிப் பாடப் புத்தகங்கள் அச்சடித்து அனுப்பியது. முதல்முறை தார் எஸ் சலாம் போனபோது, பதிப்பகம் நடத்தும் ஒரு வயதான அம்மாளைப் பார்க்கப் போனோம். அவருடைய மூத்த மகள் பெயர் நீமா. அதனால் எல்லோருக்கும் அவர் 'மாமா நீமா'. மாமா என்றால் அங்கே அம்மா. நான் கையை நீட்டி ஆங்கிலத்தில் நலம் விசாரித்தேன். பாண்டி லேசாகக் குனிந்து, அவர்களுடைய சுவாஹிலி மொழியில், "ஷிகமூ" என்றான். இளையவர்கள் மூத்தவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. அந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக, "மரஹபா" என்று பதில் சொன்னார். அதற்குப் பிறகு நான் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தது இரண்டு பேருக்குமே நினைவில்லை.

அறைக்குத் திரும்பியதும், "எங்கனலே படிச்ச?" என்று கேட்டேன்.

"செல்லுல அவுக ஊர் ரேடியோ வருதுலே. தெனமும் ஒம் பக்கத்துல ஒக்காந்துதான் கேட்டேன். நீதான் என்னன்னு கேக்கல."

அடுத்த பயணத்தில் அவனுக்குக் காய்ச்சல். உள்ளூர எனக்குச் சந்தோஷம். மாமா நீமா ஆள் மூலம் "சா ந்னே" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சா என்றால் மணி, ந்னே என்றால் நான்கு என்பது வரை நானும் படித்து வைத்திருந்தேன். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு மாலை நான்கு மணிக்குப் போய் நின்றேன். அவரோ காலையிலேயே எனக்காகக் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர்கள் விடிந்ததிலிருந்து மணி எண்ணுகிறவர்கள். அவர்களுடைய நான்கு மணி நமக்குக் காலை பத்து மணி. போர்வைக்குள் கிடந்தபடியே பாண்டி சிரித்தான். "நம்ம நாழிகைக் கணக்கும் விடிஞ்சதுல இருந்துதானலே சீனி" என்றான். பிறகு ஒரு போன் போட்டு, அவர்கள் மொழியிலேயே ஏதோ சொல்லி அந்த அம்மாளைச் சிரிக்கவைத்து, மறுநாளைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தான். நான் நன்றி சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் ஒரு சுவாஹிலி இலக்கணப் புத்தகம் வாங்கினேன். ம்டோடோ என்றால் பிள்ளை, வடோடோ என்றால் பிள்ளைகள். சொல்லின் முன்பக்கமே மாறுகிறது. எனக்குத் தலை சுற்றியது. நான் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டான். "நாம பின்னால சேக்குறோம், அவுக முன்னால சேக்குறாக. நமக்கு வால் ஆடுது, அவுகளுக்குத் தலை ஆடுது. அம்புட்டுத்தான்" என்றான். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்ற கோபத்தில் சில நாள் அவனோடு டீ குடிக்கப் போகவில்லை.

கடைசியாகப் போனபோது மாமா நீமா வீட்டில் சாப்பாடு. உங்கள் வீட்டு மொழி எது என்று பாண்டி கேட்டான். அவர் நெடுநேரம் பேசினார். அவன்தான் எனக்குத் தமிழில் சொன்னான். அவர் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்துக்காரர், வீட்டு மொழி சாகா. நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள். அத்தனை பேரையும் ஒரு நாட்டுக்காரர்களாகச் சேர்த்துவைத்தது சுவாஹிலி. ஆனால் மேல்வகுப்புக்குப் போனால் பாடமெல்லாம் ஆங்கிலம். "எங்கம்மா தாலாட்டுன பாஷையில ஒரு பாடப்புத்தகம் கெடையாது, எம் மகளுக்கு அது பாதிதான் புரியும்ங்கிறாகலே" என்று சொல்லும்போது பாண்டிக்குக் குரல் இறங்கிவிட்டது. திரும்பும்போது விமானத்தில், "அவுக சின்னப் பிள்ளைக சுவாஹிலில கணக்குப் படிக்க நாம அச்சடிச்சுக் குடுக்கோம். எம் பேரனுக்கு நாப்பத்தேழுன்னா எம்புட்டுன்னு தெரியலலே" என்றான். என் பேத்திக்கும் தெரியாது. அது ஒரு வருத்தம் என்பதே அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அவன் இறந்த அன்று, வீட்டுக் கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவனுடைய செல்போன் அடித்தது. மாமா நீமா. விஷயம் தெரியாமல் ஏதோ ஆர்டருக்காகக் கூப்பிட்டிருக்கிறார். பாண்டியின் மனைவி ராஜேஸ்வரி போனை என்னிடம் நீட்டி, "நீங்களே சொல்லிருங்கண்ணே" என்றாள். ஆங்கிலத்தில் சொன்னேன். மறுமுனையில் அந்த அம்மாள், "போலே" என்றார். மறுபடியும், "போலே" என்றார்.

நம்மூரில் அது ஒருவனை விரட்டுகிற சொல். பாண்டியின் போனில் நான் பேசுவது பிடிக்காமல் என்னைப் போடா என்கிறார் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. முகம் சுண்டிவிட்டது. என்ன சொன்னார் என்று ராஜேஸ்வரி கேட்டாள். சொன்னேன்.

"அய்ய, அது வசவு இல்லண்ணே. துக்கப்பட்டவகளுக்கு ஆறுதலாச் சொல்றது. எங்கம்மா செத்தன்னைக்கு இவுக எங்கிட்டச் சொன்னாக. பொம்பளையப் பாத்து என்ன 'லே' போடுறீகன்னு நானே சண்டைக்குப் போனேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தம்மாகிட்ட ஒங்கள 'ண்டுகு'ன்னுதான் சொல்லுவாக. கூடப்பொறந்தவன்னு அர்த்தமாம். அதான் அந்தம்மா ஒங்களுக்கு ஆறுதல் சொல்றாக."

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் 'போலே' என்ற ஒரு சொல்லைத்தான். இத்தனை வருடத்தில் அந்த மொழியில், அவனுக்கு இல்லாமல் எனக்கென்றே ஒருவர் சொன்ன முதல் சொல் அது. மறுமுனையில் அந்த அம்மாள் என் பதிலுக்காகக் காத்திருந்தார். போலே என்றால் திருப்பி என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க அவன் பக்கம் திரும்பினேன்.